தூக்கிக் குடிக்க முடியாத தண்ணீர்

"உன் பொண்டாட்டி தம்ளரை வாயில வெச்சுண்டு குடிக்கறாடா."

என் அக்கா இதைச் சொன்னபோது நான் கொல்லையில் உட்கார்ந்து வெண்கல உருளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மலையாளச் சீமையில் எங்கள் வலியசாலைத் தெருவிலேயே மறுநாள் ஒரு வீட்டில் சீமந்தம். சமையல் என் பொறுப்பு.

தம்ளரை வாயில் வைத்துக் குடிப்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. தலையை அண்ணாந்து, தம்ளரை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் தொண்டையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். உதடு பட்டால் எச்சில். தம்ளரையும் கையையும் அது வைத்த இடத்தையும் கழுவ வேண்டும். அக்கா சிறு வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அடுப்பங்கரை அவள் ராஜ்யம். வேறு நாளாக இருந்தால் உள்ளே நின்றபடியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாள். அன்று கொல்லை வரைக்கும் நடந்து வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னாள். அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டது எங்கள் அப்பா இறந்த அன்று மட்டும்தான்.

"கேட்டுட்டியா அவளை?" என்றேன்.

"இல்லை. நான் பாத்தது அவளுக்குத் தெரியாது. குடிக்கறச்சே கண்ணுலேந்து ஜலமாக் கொட்டறதுடா அவளுக்கு."

என் கையில் இருந்த புளி கீழே விழுந்தது. எனக்கு அப்போது பிடித்த பயம் இன்றுவரை முழுதாக விட்டுப் போகவில்லை.

யுத்த காலம் அது. பர்மா அரிசி வருவது நின்றுபோயிருந்தது. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கைக் கண்டாலே முகம் சுளித்த எங்கள் தெருவில் அதை வேகவைத்துத் தேங்காய் அரைத்துவிட்டுச் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளில் பந்திகள் சுருங்கின. அந்த வருஷம் நவராத்திரி முடிந்த பிறகு என் மனைவி விரதங்கள் இருக்க ஆரம்பித்தாள். முதலில் சஷ்டி. பிறகு ஏகாதசி, பிரதோஷம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை. எதைக் கொடுத்தாலும், "இன்னிக்கு உபவாசம்னா எனக்கு" என்பாள். கொஞ்சம் பால், கொஞ்சம் நீர்மோர். அதோடு சரி.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடியில் எதிர்வீட்டு மாமியிடம் சொல்வாள்: "எங்காத்துப் பொண்ணு மாதிரி விரதம் இருக்க இந்தத் தெருவில யாரு இருக்கா, சொல்லுங்கோ பாப்பம்!"

"அரிசி மிச்சம் பிடிக்கறாளாக்கும்" என்று எதிர்வீட்டு மாமி சிரிப்பாள். "அவாத்துக்காரரே ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடறவர். இவளுக்குப் பசிக்காதாமா?"

நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். தன் பங்கை எங்கள் இரண்டு பேருக்கும் விட்டுக்கொடுக்கிறாள் என்று மனசுக்குள் கசிந்தேன். அவளிடம் சொல்லவில்லை. எங்களுக்குள் பேச்சு எப்போதுமே குறைவு. எனக்குக் கூச்சம் பிறவிக்குணம். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றதற்கே, எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்வதுதான் பாதிக் காரணம். அக்கா இருக்கிற வீட்டில் பகலில் மனைவியோடு பேசுவதற்கே எனக்கு வெட்கம். அவளும் என்னைப் போலத்தான். ஆகையால் அவள் பேச்சு இன்னும் குறைந்தது எனக்கு உறைக்கவில்லை. சிரித்தால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அக்கா கொல்லையில் வந்து சொன்ன அன்று, காலை ஒன்பது மணிக்கே கோவிலுக்குக் கிளம்பினாள். "தீபாராதனை ஆனப்பறந்தான் வருவேன்" என்று வாசலில் நின்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். எங்களைத் தனியாக விடுவதற்காகத்தான். அந்த வீட்டில் அவள் அப்படி ஒரு காரியம் செய்தது அதுவே முதல் தடவை.

கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சம். என் மனைவி அங்கே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாயைக் காட்டு" என்றேன்.

"என்னத்துக்கு?"

"காட்டு."

"ஒண்ணுமில்லைன்னா. உஷ்ணம்."

"உஷ்ணமோ என்னவோ, காட்டேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பயந்துடுவேள்" என்றாள். பிறகு வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்தாள். முழுசாகத் திறக்க முடியவில்லை.

நான் சமையல்காரன். எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். காய்ச்சிய பாலின் மேல் படிந்த ஏட்டைக் கரண்டியால் ஒதுக்கினால் ஒரு பக்கமாகச் சுருங்கித் தொங்குமே, அதுபோல் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தோல் சுருண்டு தொங்கியது. அதற்கு அடியில் பச்சை ரணம். ஈறு முழுதும் தோலுரித்ததுபோல் சிவந்திருந்தது. மேலண்ணத்தில், எண்ணெயில் போட்ட அப்பளத்தில் எழும்புகிற மாதிரி ஒரு கொப்புளம் எழும்பி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் நாக்கு அதில் பட்டது. அது உடைந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எப்போலேந்து?"

"நவராத்திரிக்கு முன்னாலேந்து."

அப்போது மாசி மாதம்.

கிணற்றுச் சுவரோரம் மணத்தக்காளிச் செடிகளை அவள் வரிசையாக வளர்த்திருந்தாள். வத்தல் போடத்தான் என்று நினைத்திருந்தேன். வாய்ப்புண்ணுக்கு அந்தக் கீரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்துச் சாப்பிடுவார்கள். அத்தனை நாளும் எங்களுக்குத் தெரியாமல் அதைப் பறித்துப் பறித்துத் தின்றிருக்கிறாள். வெண்ணெய் தடவியிருக்கிறாள். புண் எதற்கும் கேட்கவில்லை. தண்ணீரைத் தூக்கி ஊற்றிக்கொண்டால் அது நேரே அண்ணத்து ரணத்தில் போய் விழும். தம்ளரை உதட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக நாக்கின் ஓரமாக நழுவவிட்டால்தான் விழுங்க முடியும். யாரும் பார்க்காதபோது அப்படிக் குடித்திருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?"

"வாய்ல இப்படிப் புண்ணுன்னா ஊர்ல என்ன வியாதின்னு நினைப்பா? உங்களைத்தானே பேசுவா." முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கா அப்பறம் என்னை அடுக்களைக்குள்ள விடமாட்டா."

அக்கா கோவிலிலிருந்து திரும்பி நடையில் நின்று, "என்னடா?" என்றாள். நான் விலகி நின்றேன். அவள் அப்படியே நேராக வந்தாள், ஈரப் புடவையோடு, மடியோடு. இடது கையால் என் மனைவியின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, வாய்க்குள் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள். "நீ ஒரு ஆம்பளையா? எல்லார் ஆத்துலயும் யார் சாப்பிட்டா, யார் சாப்பிடலைன்னு பாக்கறியே, உன் ஆத்துல பாத்தியாடா?" பிறகு மறுபடி குளிக்கப் போனாள். கிணற்றடியில் வெகுநேரம் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

முதலில் தெருக்கோடி வைத்தியரிடம் காட்டினோம். பித்தச்சூடு என்று ஒரு சூரணம் கொடுத்தார். அது பட்ட இடமெல்லாம் நெருப்பாய் எரிந்து, அவள் இரண்டு நாள் தண்ணீர்கூட இறக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவே வண்டி பேசிக்கொண்டு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பெண்கள் பகுதிக்குள் ஆண்களை விடவில்லை. அக்காவும் மனைவியும் உள்ளே போனார்கள். நான் தாழ்வாரத்தில் தூண் ஓரமாக நின்றேன். மருந்து வாடை, கூட்டம். யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவன் இலைக்கட்டு சுமந்துகொண்டு வந்தான். நல்ல குருத்திலை, கிழியாத முழு நீள இலைகள். நடுத்தண்டைச் சீவி மெல்லிசாக்கியிருந்தார்கள். இலை விஷயத்தில் எனக்குக் கண் தானாகப் போய்விடும். தூணுக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் அவற்றை விரித்து, ஒவ்வொன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவ ஆரம்பித்தான்.

எண்ணெய் தடவிய இலை எங்கள் தொழிலில் போளி தட்டுவதற்கு. இத்தனை பெரிய இலை, இத்தனை எண்ணிக்கை என்றால் பெரிய விருந்தாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் இவ்வளவு மைதாவுக்கும் வெல்லத்துக்கும் எங்கே போனார்கள் என்று ஆச்சரியப்பட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசாத நான், இலையைக் கண்ட தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரில என்ன விசேஷம்? போளியா?"

அவன் என் பூணூலையும் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "போளியோ! சாமி கொள்ளாமே! தேகண்டமாக்கும் தொழில், அல்லே?" தேகண்டம் என்றால் சமையல் வேலை. நான் தலையை ஆட்டினேன். "இது ஆளைக் கிடத்தறதுக்காக்கும் சாமி."

எனக்குப் புரியவில்லை.

"உள்ள ஒரு அம்மா கெடக்கு. மேலு முழுசும் பொங்கி ஒடைஞ்சு, தோலு இல்லை. துணியில கிடத்தினா துணியோட பறிஞ்சு போரும். இலையானா ஒட்டாது." எண்ணெய்க் கையால் கதவைக் காட்டினான்.

கதவு பாதி திறந்திருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். தரையில் இலை போட்டு நான் எத்தனையோ பந்தி பரிமாறியிருக்கிறேன். அங்கே கட்டிலில் இலை போட்டு ஒரு மனுஷியைக் கிடத்தியிருந்தார்கள். மேலே மூங்கில் வளைத்துத் துணி கூடாரமாகப் போட்டிருந்ததால் உடம்பு தெரியவில்லை. முகம் தெரிந்தது. உதடு முழுதும் கறுத்துப் பொருக்கு. கண் மட்டும் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன நோவு?" என்றேன்.

"பேரொண்ணும் எனக்கு அறியாது. வாய்லயாக்கும் தொடக்கம். வாய்ல புண்ணுன்னு சொல்லிக் கஞ்சி குடிக்காமக் கெடந்ததாம் அஞ்சாறு மாசம். பின்னையாக்கும் மேலெல்லாம் வந்தது." இலைகளை அடுக்கிக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான்.

நான் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். லேடி டாக்டர் ஐம்பது வயசு மலையாளப் பெண்மணி. தமிழ் நன்றாகப் பேசினார். அக்காவோடு ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"தொடாமப் பாக்கப்படாதா?" என்றாள் அக்கா.

"தொடாமப் பாக்கறதுக்கு நான் ஜோசியக்காரி இல்லல்லோ அம்மா" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, "நிங்ஙளாணோ பர்த்தாவு? வந்து நிக்கணும். கேட்டுக்கணும்" என்றார்.

வாயை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கண்ணிமைகளைத் தாழ்த்திப் பார்த்தார். பிறகு என் மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி, தோளுக்குக் கீழே முதுகில் கட்டைவிரலை அழுத்தி வைத்து, ஒரு பக்கமாகத் தள்ளித் தேய்த்தார். ஊறிய வாதாம்பருப்பைக் கட்டைவிரலால் தள்ளினால் தோல் நழுவி வரும். அந்த மாதிரித் தள்ளல். எதற்காகத் தள்ளுகிறார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலையில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

தோல் சிவந்தது. நழுவவில்லை.

டாக்டர் கையை எடுத்து, கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப வாய்ல மாத்திரமே உள்ளூ. சிலருக்கு வாயோடயே நின்னுரும். போகும், வரும், வருஷக்கணக்கா இருக்கும். சிலருக்கு மேலுக்குப் பரவும். இது எந்த வழிக்குப் போகும்னு இப்பச் சொல்லக் கழியாது."

"ஒட்டுவாரொட்டியா?" அக்கா கேட்டாள்.

"ஒட்டாது. அவங்க குடிச்ச பாத்திரத்துல நீங்க குடிச்சாலும் ஒட்டாது."

அக்கா என் மனைவியின் வாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"எதுனால வந்தது?" நான் கேட்டேன். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

"அறியாது" என்றார் டாக்டர். "யாருக்கும் அறியாது. அவங்க செஞ்ச தப்பும் இல்லை, நிங்ஙள் செஞ்ச தப்பும் இல்லை. மேல ஒரு கொப்புளம் கண்டா அன்னைக்கே கொண்டு வரணும். நாளைக்கு ஆகட்டேன்னு இருக்கக்கூடாது. கண் சுவந்தாலும் சொல்லணும். பேடிக்கண்டா."

பேடிக்கண்டா என்றால் பயப்படாதே. சொன்னவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வாயில் தடவ ஊதா நிறத்தில் ஒரு மருந்து. உள்ளுக்கு, தண்ணீரில் சொட்டு விட்டுச் சாப்பிட ஒரு மருந்து. அதைக் கொடுத்த கம்பவுண்டர், "இதுல பாஷாணம் உண்டு. ஒரு சொட்டு ஜாஸ்தியாகப்படாது, கேட்டோ" என்றார். பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன். இலை விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஊதா மருந்து தடவியபின் அவளால் ஒன்றையும் மறைக்க முடியவில்லை. உதடு, நாக்கு, பல் எல்லாம் ஊதா. எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டு, "என்னடி, ஞாவப்பழம் தின்னியா? இது அதுக்குக் காலம் இல்லையே" என்றாள்.

அக்கா உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: "ஆமாம், எங்காத்துல காலமில்லாத காலத்துலயும் காய்க்கும். உங்களுக்கு வேணுமானா சொல்லுங்கோ."

அன்று சாயங்காலம் அக்கா பரணிலிருந்து ஒரு பழைய பாலாடையைத் தேடி எடுத்தாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு நீண்ட சின்ன வெள்ளிக் கிண்ணி. எனக்கு அதில் புகட்டியிருக்கிறாள் என்று கேட்டிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லாததால் அது கீழே இறங்கவே இல்லை. அதைத் தேய்த்து, மோர் ஊற்றி, மூக்கை என் மனைவியின் கடைவாயில் வைத்துச் சாய்த்தாள். அண்ணத்தில் படாமல் மோர் உள்ளே போயிற்று. அவள் முகம் சுளிக்காமல் விழுங்கி நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அக்கா பாலாடையைக் கழுவி, எங்கள் பாத்திரங்களோடு அதே அலமாரியில் வைத்தாள்.

கஞ்சி என் வேலையாயிற்று. நொய்யை வறுத்துக் குழைய வேகவிட்டு, துணியில் வடிகட்டி, ஆறவைத்துக் கொடுப்பேன். அதில் ஒரு சங்கடம். சமைக்கும்போது ருசி பார்ப்பது எங்களுக்குக் கிடையாது. சாமிக்கும் சிராத்தத்துக்கும் சமைத்துப் பழகிய கை. உப்பை வாசனையிலும் கொதியிலும் கண்டுகொள்வோம். நான் அதுவரை அடுப்படியில் ஒரு பருக்கையை நாக்கில் வைத்தவனில்லை. ஆனால் அவள் வாய்க்கு எவ்வளவு சூடு எரியும், எவ்வளவு உப்பு எரியும் என்று வாசனை சொல்லவில்லை. நான் சரி என்று கொடுத்த கஞ்சியில் அவள் ஒரு வாய் எடுத்துவிட்டு, கண்ணில் நீரோடு, "நன்னாத்தான் இருக்கு" என்றாள். மறுநாள் முதல் நானே முதலில் ஒரு கரண்டி வாயில் வைத்து, கன்னத்தில் ஒதுக்கி, சூடு பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். எச்சில் கஞ்சி. ஒரு நாள் நான் அப்படிச் செய்யும்போது அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். பார்த்தாள். "கொஞ்சம் வெண்ணெய் போடுடா, வழவழன்னு இறங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படிச் சித்திரை, வைகாசி போயின. வாய் ஆறுவதுபோல் இருக்கும். ஒரு காலையில் மறுபடி கொப்புளித்திருக்கும். வாயைப் பார்க்க எனக்கு அவ்வளவு பயமில்லை. தோலைப் பார்க்கத்தான் பயம். அவள் தண்ணீர் இறைக்கும்போது முழங்கையைப் பார்ப்பேன். கோலம் போடக் குனியும்போது கழுத்தைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் ஈர இலையைத் துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டில் கண்ணில் வந்து நிற்கும். கடைசியில், அவள் பக்கத்தில் உட்காரக் கிடைத்தபோதெல்லாம், பேச்சுவாக்கில் செய்வதுபோல், அவள் முன்கையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன்.

"என்ன, தோசைக்கல் காஞ்சுதான்னு பாக்கறேளா?" என்றாள் ஒரு நாள்.

"எறும்பு" என்றேன்.

"தினமும் அதே எறும்பா?"

நான் எழுந்து போய்விட்டேன்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்திருந்த சமயம். பக்கத்துத் தெருவில் ஒரு சிராத்தம். பிராமணர்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. நான் பாகற்காய்ப் பிட்லைக்குத் தேங்காய் அரைத்ததைச் சேர்த்துக் கொதிக்கவிட்டிருந்தேன். கொல்லைப்புறத்திலிருந்து அக்கா கூப்பிட்டாள். பிறத்தியார் வீட்டுச் சிராத்தத்தன்று அந்த வாசலில் கால் வைக்கிறவள் இல்லை அவள். மழையில் நனைந்துகொண்டு வேலிக்கு வெளியே நின்றாள்.

"அவ கைல ஒண்ணு வந்திருக்குடா."

சிராத்தச் சமையலைப் பாதியில் விட்டுப் போவது பாவம் என்று எனக்குத் தெரியும். கரண்டியைக் கீழே வைத்தேன். அந்த வீட்டு மாமா, "ஓய், ஓய்! அடுப்புல கொதிக்கறதே! எங்க போறீர்?" என்று கத்தினார். நான் மழையில் இறங்கி ஓடினேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னைக் கூப்பிட்டதில்லை.

என் மனைவி எங்கள் வாசல் நடையில் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு சிவப்பு. அதன் நடுவில், மேலண்ணத்தில் நான் பார்த்த அதே மாதிரி, நீர் கட்டிய கொப்புளம். நான் அதைத் தொடவில்லை. அத்தனை நாள் தள்ளித் தள்ளிப் பார்த்த கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

வண்டியில் மழைத் தாரை படுதாவில் அடித்தது. அக்கா ஏதோ ஸ்லோகத்தைச் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி என் காதருகில் சொன்னாள்:

"என்னையும் இலையிலதான் போடுவாளா?"

நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அன்னிக்கு உள்ள போறச்சேயே பாத்தேன்" என்றாள். "நீங்க பாக்கலைன்னு நினைச்சிண்டிருந்தேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு இருந்தேன்." பிறகு, "நீங்க எறும்பு தேட ஆரம்பிச்சப்பறந்தான் தெரிஞ்சுது" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா எதிரில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அன்று வெட்கமாக இல்லை.

தாழ்வாரத்தில் அந்தக் கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. மூங்கில் வளையம் சுவரில் சாத்தி வைத்திருந்தது. அதே சிப்பந்தி தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அந்த அம்மா?" என்றேன்.

"போயி, சாமி."

"ஆத்துக்கா?"

அவன் துடைப்பத்தை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு மறுபடி கழுவ ஆரம்பித்தான்.

டாக்டர் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொப்புளத்துக்குப் பக்கத்தில் நல்ல தோலில் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தள்ளினார். ஒரு தடவை. இன்னொரு தடவை, இன்னும் பலமாக. நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தரையில் ஒரு ஓட்டின் மூலை உடைந்திருந்தது. இன்றைக்கும் அந்த உடைசலை என்னால் வரைந்து காட்ட முடியும்.

"விளக்குப் பக்கத்துல உக்காந்திருந்தீங்களோ?" என்றார் டாக்டர்.

"நேத்து சாயரட்சை உளுந்து அரைச்சிண்டிருந்தேன்" என்றாள் அவள்.

"கையில பூச்சி ஏதாவது வந்து விழுந்துதோ? தட்டிவிட்டீங்களோ?"

"ஏதோ ஊர்ந்துது. தேச்சுவிட்டேன்."

"அதாக்கும். மழைக்காலத்துல விளக்குக்கு வர்ற சின்ன வண்டு. நசுக்கினா அதோட நீர் பட்ட எடம் இழுத்த மாதிரி சுவக்கும், பொங்கும். இது அந்த வியாதி இல்லை." அவர் அப்போதுதான் சிரித்தார். "தோலு நல்ல ஒறப்பா இருக்கு."

அக்கா அந்த இடத்திலேயே, ஆஸ்பத்திரித் தரையிலேயே, உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வண்டுக்காடீ என்னைச் சிராத்தத்து ஆத்துக் கொல்லைல கொண்டு நிறுத்தினே?" என்று என் மனைவியைப் பார்த்துச் சொல்லி அழுதாள். அவள் ஊதா வாயை மூடாமல் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. வண்டு என்றதும் போய்விடுகிற பயமாக அது இல்லை. இன்று இல்லை என்றுதானே சொன்னார். நாளைக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது. அவள் இருக்கிறாள். வாய் சில மாதங்கள் சுத்தமாக இருக்கும். பிறகு ஒரு வாரம், பத்து நாள், ஈறு உரிந்து பாலாடை அலமாரியிலிருந்து இறங்கும். கன்னத்தின் உட்புறம் தழும்பு இறுகி, பெரிய கவளம் எடுக்க முடியாது. சில காலைகளில் வலது கண் சிவந்திருக்கிறது. தூசி என்கிறாள். டாக்டரிடம் கொண்டு போகிறேன். மேலுக்கு இதுவரை வரவில்லை. அவளுக்கென்று ஓரம் நெளிந்த ஒரு தம்ளர் இருக்கிறது. அதை உதட்டில் வைத்துத்தான் குடிக்கிறாள். அந்த நேரத்தில் அக்காவுக்கு எப்போதும் வேறு பக்கம் பார்க்க ஏதாவது வேலை இருக்கிறது.

இன்று காலை நான் ஊற வைத்த பயற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளேயிருந்து, "எனக்குச் சாதம் வைக்க வேண்டாம்னா. இன்னிக்கு சஷ்டி" என்றாள்.

கையை உதறிவிட்டு எழுந்து போய்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். சஷ்டிதான். சந்தேகமில்லாமல் சஷ்டி. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இன்று சாப்பிட மாட்டார்கள். இருந்தும் கொல்லைக் கதவுப் பக்கம் போய் நின்றேன்.

"இங்கே வா."

அவளுக்குத் தெரியும். கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து வெளிச்சத்தைப் பார்த்து நின்றாள்.

"நெஜமாவே விரதந்தான்னா."

"இருக்கட்டும். வாயைத் திற."

திறந்தாள். கன்னத்தில் பழைய வெள்ளைத் தழும்பு. ஈறு சிவப்பில்லை. அண்ணத்தைப் பார்க்கத் தலையை அண்ணாக்கச் சொன்னேன். அண்ணாந்தாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். நான் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

"பாத்தாச்சா?" என்றாள், வாயை மூடாமலே, குழறிக்கொண்டு. "அக்கா பசியோட உக்காந்திண்டிருக்கா. போய் இலையைப் போடுங்கோ."